சுவரில் ஏறிய வீரய்யா

கிரிஓயா கடைவீதியில் சொன்ன விலைக்கு ஒரு பொருள் விற்றதாகச் சரித்திரம் இல்லை. கருவாடானாலும் கம்பளியானாலும், கேட்டதும் காசை எடுத்து வைக்கிறவனை நாங்கள் சந்தேகமாகத்தான் பார்ப்போம். அவன் நோட்டை இன்னொரு தடவை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்போம். அப்படிப்பட்ட ஊரில் ஒரு சுவரைக் காட்டி, இதில் யார் யார் இருக்க வேண்டும் என்று கேட்டால் என்ன நடக்கும்?

கேட்டவர் ஸ்டேஷன் மாஸ்டர். றொசல்லையைத் தாண்டி ஹட்டனுக்கு ஏறும் ரயில் பாதையில், கோச்சி மூச்சு வாங்க நிற்கிற இடம் கிரிஓயா. ஒரு மேடை, ஒரு மணி, ஒரு தகரக் கூரை, அதன் கீழே மூன்றாம் வகுப்புக்காரர்கள் காத்திருக்கும் கூடம். ஐம்பத்து நாலாம் வருஷம் அங்கே மாற்றலாகி வந்த அந்தச் சிங்கள மனிதருக்கு அழகில் பைத்தியம். வந்த மாதமே மேடை ஓரத்தில் பூச்செடி நட்டார், மணியைத் துலக்கினார், தண்ணீர்த் தொட்டிக்கு வெள்ளை அடித்தார். கூடத்தின் நீளச் சுவரைப் பார்க்கும்போது மட்டும் பல்வலிக்காரனைப் போல முகம் சுளித்தார். அந்தச் சுவரில் வெற்றிலை போட்டுத் துப்புகிறவர்கள் வருஷக்கணக்காகக் கூடி ஏற்கெனவே ஒரு சித்திரம் வரைந்து வைத்திருந்தார்கள்.

ஒரு நாள் நேரே எங்கள் கடைக்கு வந்தார். கடை என் மாமா மீராசாஹிப்புடையது. துணி, குடை, சப்பாத்து, எல்லாவற்றுக்கும் மேலாகக் கம்பளி. மழை தொடங்குமுன் கிரிஓயாத் தோட்டம் தன் ஆட்களுக்கு வருஷா வருஷம் கம்பளி கொடுக்கும். அது எங்கள் கடைக் கம்பளி. அந்த ஓர் ஆர்டரின் முதுகில்தான் கடை நின்றது. நான் லாபிர், மாமாவின் அக்காள் மகன். அவர் விலை சொல்லும்போது பக்கத்தில் நின்று, “ஐயோ மாமா, அந்த விலைக்கா?” என்று அதிர்ச்சியடைவது என் உத்தியோகம்.

“மொதலாளி, ஸ்டேஷன் இப்ப லஸ்ஸன, அழகு. சுவர் மட்டும் லஸ்ஸன இல்ல,” என்றார் ஸ்டேஷன் மாஸ்டர், தமக்குத் தெரிந்த தமிழில். “இந்த ஊர் கதைய படமா போடுவோம். கொழும்புலருந்து ரயில்வே பெரிய மாத்தயா பாக்க வாறார். பெயின்ட் நீங்க குடுக்கணும்.”

“குடுத்தா நம்மட கட அதுல வருமா?”

“ஊர் கதையில கட இல்லாம எப்படி?”

“போர்டோட வரணும். எழுத்து வாசிக்க ஏலும் மாதிரி.”

“ஹரி, ஹரி,” என்று சிங்களத்தில் ஒப்புக்கொண்டார்.

“ஆனா கடக்குள்ள ஆள் வேணாம். உருவம் எழுதறது நம்மட மார்க்கத்துல சரியில்ல.”

படம் எழுத வந்தவர் நல்லமுத்து. சினிமாக் கொட்டகைக்கு போர்டும் மாரியம்மன் கோயிலுக்குச் சுவரும் எழுதுகிறவர். இரண்டும் ஒரே வாரத்தில் வந்தால் அம்மன் கொஞ்சம் கதாநாயகி சாயலாக வந்துவிடுவதுண்டு. அவர் மாமாவின் நிபந்தனையைக் கேட்டுவிட்டுத் தாடையைத் தடவினார்.

“ஆளில்லாம கடைய எழுதினா யாவாரம் படுத்துப்போன கட மாதிரி இருக்குமே, முதலாளி.”

மாமாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. மார்க்கம் ஒரு பக்கம், வியாபாரம் ஒரு பக்கம். யோசித்துவிட்டு, “அப்ப வெளிய கொஞ்சம் சனம் நிக்கட்டும். முதுகக் காட்டிட்டு,” என்றார். இன்றைக்கும் அந்தப் படத்தில் எங்கள் கடையை நோக்கி ஒரு கூட்டமே முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறது. அவ்வளவு வியாபாரம் எங்களுக்கு ஒரு நாளும் நடந்ததில்லை.

அடுத்தது செல்லசாமி பெரிய கங்காணி. மன்னாரிலிருந்து காட்டு வழியாக ஆட்களைக் கூட்டி வந்தது தன் தாத்தா என்றும், அவர் முன்னால் நடக்க வேண்டும், கோட்டுப் போட்டு நடக்க வேண்டும் என்றும் சொன்னார்.

“காட்டுல நடந்தவருக்குக் கோட்டா?” என்றார் நல்லமுத்து.

“வந்து சேந்த பெறகு வாங்குன கோட்டுதாம்ப்பா. வாங்குனத எங்க காட்டுறது?”

கோட்டு ஏறியது. முதன்முதலில் காட்டை வெட்டிய வெள்ளைக்காரத் துரை குதிரையோடு நடுவில் நின்றார். அவருக்காக யாரும் பேரம் பேசவில்லை. பேசாதவருக்குத்தான் நடு இடம் போயிற்று. அவர் முகம் யாருக்கும் தெரியாததால் நல்லமுத்து ஒரு பிஸ்கட் டின்னைப் பார்த்து எழுதினார். ஸ்டேஷன் மாஸ்டர் தம் பங்குக்கு ஒரு கோச்சி கேட்டார். அது புகையோடு பாதிச் சுவரைத் தின்றது. இத்தனைக்கும் பிறகு டிக்கெட் ஜன்னல் பக்கம், ஓர் ஆள் நிற்கிற அகலத்துக்கு இடம் மிஞ்சியது.

அந்த வாரத்தில்தான் வீரய்யா கடைக்கு வந்தார்.

வீரய்யா கிரிஓயாத் தோட்டத்தில் தேயிலைச் செடி கவ்வாத்து வெட்டுகிறவர். அதிகம் பேசமாட்டார். வந்தவர் தலைத்துண்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, உள்ளேயும் வராமல் வெளியேயும் போகாமல் நின்றார்.

“முதலாளி, பிரஜாவுரிமை விசாரண நடந்துச்சுங்க.”

“என்னா சொன்னாங்க?”

“மத்ததெல்லாம் சரின்னுட்டாங்க. அந்த ரெண்டு வருசம் எங்க இருந்தேன்னு கேட்டாங்க. இங்கனதான் ஸ்டேஷன்ல பெட்டி தூக்குனேன், உங்க கட பின்சாய்ப்புல படுத்துக் கெடந்தேன்னு சொன்னேன். அவரு நம்பல. நீ அப்ப இந்தியாவுக்குப் போயிட்டே, நடுவுல விட்டுப் போனவனுக்கு உரிம கெடயாதுங்குறாரு.” தலைத்துண்டைக் கையில் முறுக்கிக்கொண்டே சொன்னார்: “நான் இன்னும் கடலையே பாத்ததில்லீங்க.”

அந்த இரண்டு வருஷத்தின் கதை கடைவீதிக்கே தெரியும். உலகச் சண்டை தொடங்கிய சமயம் தோட்டத்தில் ஒரு வேலைநிறுத்தம் நடந்தது. முன்னால் நின்ற சிலரை வேலையிலிருந்து நீக்கிப் பத்துச்சீட்டுக் கொடுத்து, குடியிருந்த லயத்து அறையைப் பூட்டி, செக்ரோல் என்கிற ஆள் பேரேட்டில் பேரை வெட்டிவிட்டார்கள். அவர்களில் வீரய்யா ஒருவர், அப்போது கல்யாணமாகாத இளந்தாரி. அந்த ஆட்களுக்குக் கடைக்காரர்கள் யாரும் இடம் கொடுக்கக்கூடாது என்று அப்போதைய தோட்டத்துத் துரை சொல்லியனுப்பினார். மாமா பகலில் சரி என்று தலையாட்டினார்; சாயந்தரம் பின்சாய்ப்புக்குப் பழைய சாக்கு இரண்டு கொடுத்தார். பிறகு வேலைக்கு ஆள் தட்டுப்பாடாகி, தோட்டமே வீரய்யாவைத் திரும்ப எடுத்துக்கொண்டது. ஆனால் வெட்டிய இடம் வெட்டிய இடமாகவே செக்ரோலில் இருந்தது. அந்த இரண்டு வருஷத்துக்கு அவர் எந்தக் காகிதத்திலும் இல்லை.

“மதிப்பான ஆளு ஒருத்தர சாட்சிக்கு கூட்டியாரச் சொன்னாங்க. அடுத்த தவண எப்பங்குறதுக்கு ஆள் அனுப்புவாங்களாம். நீங்க வந்து ஒரு வார்த்த சொல்லிட்டீங்கன்னா…”

மாமா கம்பளிக் கட்டுகளைப் பார்த்தார். விசாரணையில் தோட்டத்துப் பெரிய கிளாக்கரும் செக்ரோலோடு உட்கார்ந்திருப்பார். அங்கே வாய் திறந்தால் அந்திக்குள் துரை காதுக்குப் போய்விடும். துரை மாறியிருக்கலாம், தோட்டத்தின் ஞாபகம் மாறாது.

“நான் வந்து சொன்னா என்னா பெறுமதி, வீரய்யா? ஒரு கடக்காரன் சொன்ன சொல்லு. இன்னொரு கடக்காரன் வந்து இல்லங்குவான்.” மாமாவின் கண்ணில் ஒரு வெளிச்சம் வந்தது. சரக்கில்லாமல் விற்கும்போது வரும் வெளிச்சம் அது, எனக்கு நன்றாகத் தெரியும். “ஸ்டேஷன் சுவர் யாருட? கவர்மெண்டுட. அதுல நீ தேயிலப் பெட்டி தூக்கிட்டு நிக்கிற மாதிரி எழுதினா, நீ இங்க இருந்தேண்டு கவர்மெண்டே சொன்ன மாதிரி. நான் சொல்லி எழுத வைக்கிறேன். எடம் ஈக்குது.”

சாயம் போன சேலையை நிலா வெளிச்சக் கலர் என்று மாமா விற்றதை நான் ரசித்துப் பார்த்திருக்கிறேன். இந்த வியாபாரத்தை என்னால் பார்க்க முடியவில்லை. குடைகளை அடுக்கப் போய்விட்டேன்.

“கவர்மெண்டு சுவரு,” என்று வீரய்யா மெதுவாகச் சொல்லிப் பார்த்தார். “அதுவும் நாயந்தாங்க.”

அப்படித்தான் மிச்சமிருந்த இடத்தில் வீரய்யா நின்றார். நல்லமுத்துவுக்கு அன்றுதான் அந்தச் சுவரில் உயிருள்ள ஒரு முகம் கிடைத்தது. துரைக்குக் கொடுக்காத கவனத்தை இவருக்குக் கொடுத்தார். பெட்டியின் பாரத்தில் கழுத்து நரம்பு புடைத்தது, இடது புருவத்துத் தழும்பு வந்தது, சிரிக்கலாமா வேண்டாமா என்று யோசிக்கிற அந்த உதடும் வந்தது.

“மீசைய மட்டும் கறுப்பா எழுதிருங்க,” என்றார் வீரய்யா. “அப்ப நரைக்கலீங்க. விசாரணக்காரரு கேட்டா என்னா சொல்றது?”

அவர் மனைவி சண்முகவடிவு வந்து பார்த்ததும் இரண்டடி பின்வாங்கினாள். லயத்து வீடுகளில் சுவரில் இருப்பது இரண்டே ஜாதி: ஒன்று சாமி, மற்றது செத்தவர்கள். ஆள் போன பிறகுதான், இருந்த ஏதோ ஒரு போட்டோவைப் பெரிதாக்கி, கண்ணாடி போட்டு, பொட்டு வைத்து மாட்டுவார்கள். உயிரோடிருப்பவன் படத்தைச் சுவரில் ஏற்றுவது மூச்சு இருக்கும்போதே பாடை கட்டிப் பார்ப்பது மாதிரி.

“வாழுற மனுசன யாராச்சும் சுவத்துல ஏத்துவாங்களா? அந்தா துரை செத்துட்டாரு. அந்தா கங்காணி தாத்தா செத்துட்டாரு. நடுவுல நீங்க என்னாத்துக்கு?”

“இது அந்த மாதிரி படம் இல்லடி. இது சாட்சி.”

“சாட்சி சொல்ல அதுக்கு வாய் இருக்கா?”

அவள் பக்கத்தில் நின்ற நான் அன்றும் வேறு பக்கம் பார்த்தேன்.

கொழும்புப் பெரிய மாத்தயா வந்தார், பார்த்தார், கோச்சி மிகவும் அழகாக இருக்கிறது என்றார், போனார். ஸ்டேஷன் மாஸ்டர் இரண்டு அங்குலம் உயரமானார். பிறகுதான் படம் தன் வேலையைக் காட்டத் தொடங்கியது.

ஏறுகிற கோச்சியிலும் இறங்குகிற கோச்சியிலும் தோட்டத்துச் சனம் எட்டிப் பார்த்தது. சுவரில் துரை, கங்காணி தாத்தா எல்லாரும் எப்போதோ போனவர்கள். அவர்களோடு வீரய்யா. இதில் கணக்குப் போட என்ன இருக்கிறது? “நம்ம கிரிஓயா வீரய்யா அண்ணன் எப்பங்க தவறுனாரு?” என்று டயகம தோட்டத்தில் ஒருவர் இன்னொருவரைக் கேட்க, அவர் மூன்றாவது ஆளைக் கேட்க, கடைசியில் அங்கே வாழ்க்கைப்பட்டிருந்த வீரய்யாவின் தங்கை மீனம்மாவிடம், எங்களுக்கு ஏன் சொல்லவில்லை என்றே கேட்டுவிட்டார்கள்.

மறுநாள் முற்பகல் கோச்சியில் மீனம்மா சொந்தபந்தத்தோடு வந்து இறங்கினாள். நான் ஒரு பார்சலை எடுக்க ஸ்டேஷன் மாஸ்டரின் கந்தோர் அறைக்குள் நின்றேன். வெளியே திடீரென்று ஒப்பாரி கிளம்பியது.

“பொட்டி சொமந்த தோளு சுவத்துல சாஞ்சிருச்சே! என்னப் பெத்த அண்ணே, எனக்குச் சொல்லாமப் போனியே!”

நான் பார்சலுக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வருவதற்குள் படத்துக்கு மாலை ஏறிவிட்டது. ஆணி எங்கே கிடைத்ததோ. கீழே கற்பூரம். சுற்றிலும் பெண்கள் தோள் சேர்த்து அழுதார்கள். வேறு ஊருக்குப் போக நின்ற இரண்டு பெண்கள் யார் என்று தெரியாமலே சேர்ந்து அழுதுகொண்டிருந்தார்கள். எங்கள் மலைச் சனம் அப்படி. துக்கத்துக்கு அறிமுகம் கேட்காது. ஸ்டேஷன் மாஸ்டர் “நெருப்பு, நெருப்பு” என்று தண்ணீர் வாளியோடு ஓடினார். காக்கிச் சட்டை போட்ட ஒருவர், தோளில் தோல்பையோடு, அந்தக் கூட்டத்தில் யாரிடமோ எதையோ கேட்டு மிகுந்த மரியாதையாகத் தொப்பியைக் கழற்றியதையும் பார்த்தேன். இறங்குகிற கோச்சி வந்ததும் அவர் அதில் ஏறிப் போய்விட்டார். நான் அதைப் பெரிதாக எடுக்கவில்லை.

மலையில் செய்தி கேட்டு வீரய்யா கவ்வாத்துக் கத்தியும் கையுமாக ஓடி வந்தார்.

“அடியே மீனம்மா! நான் இங்கதான்டி நிக்கிறேன்!”

மீனம்மா அவரைப் பார்த்தாள். சுவரைப் பார்த்தாள். மறுபடி அவரைப் பார்த்தாள். பிறகு எழுந்து பளாரென்று ஓர் அறை விட்டாள்.

“அப்புறம் எதுக்குடா செத்தவனாட்டம் அங்க போய் நிக்கிற?”

அறைந்த கையாலேயே கட்டிக்கொண்டு மறுபடி அழுதாள். இப்போது எல்லாரும் சிரித்துக்கொண்டே அழுதார்கள். மாமா அன்று முழுக்க வருகிறவர்களுக்கெல்லாம் இந்தக் கதையைச் சொல்லி நாலு குடை கூடுதலாக விற்றார்.

சிரிப்பு அடங்கச் சில வாரம் ஆயிற்று. அடுத்த தவணையைச் சொல்ல ஆள் வரவில்லையே என்று வீரய்யாவே டவுனுக்குப் போய் விசாரணைக் கந்தோரில் கேட்டார். கிளாக்கர் காகிதக் கட்டைப் புரட்டிவிட்டுச் சொன்னாராம்: “விண்ணப்பக்காரர் காலமாகிவிட்டார். எங்கள் பியோன் அழைப்பைக் கொடுக்க வந்தபோது ஸ்டேஷனிலேயே காரியம் நடந்துகொண்டிருந்தது.”

“ஐயா, நாந்தாங்க வீரய்யா.”

“அப்படித்தான் சொல்வாய். செத்தவன் பேரில் தம்பி வருவான், பங்காளி வருவான். நாங்கள் பார்க்காததா? நீதான் வீரய்யா என்று மதிப்பான ஒருவர் வந்து சொல்லட்டும். அதிகாரி இந்த மாதத்தோடு வேறு ஊருக்குப் போகிறார். அதற்குள் வராவிட்டால் இந்தக் கட்டை மூடியது மூடியதுதான்.”

தோல்பைக்காரர் யார் என்று அப்போது புரிந்தது. தோட்டம் வரைக்கும் மலை ஏறும் சிரமம் மிச்சம் என்று அவர் சந்தோஷமாகத் துக்கம் விசாரித்துவிட்டுப் போயிருக்கிறார்.

மறுநாள் சண்முகவடிவு கடைக்கு வந்தாள். கொழுந்துக் கூடையை வாசலில் இறக்கி வைத்தாள். வீரய்யாவைப் போல அவள் வாசலில் நிற்கவில்லை. நேரே உள்ளே வந்தாள்.

“முதலாளி, அந்த ரெண்டு வருசம் இல்லேன்னுதான் முன்னாடி சொன்னாங்க. இப்ப ஆளே இல்லேங்குறாங்க. உங்க யோசனைல வந்த லாபம் இது.”

“நான் நல்லதுக்குத்தான் சொன்னேன், புள்ள. மால போட்டது உங்கட ஆளுகதானே?”

“எங்காளுங்களுக்குத் தெரிஞ்சது அம்புட்டுத்தான். சுவத்துல ஏறுனா செத்தவங்க. உங்களுக்குத் தெரியும்ல? உசிரோட இருந்தவர அங்க ஏத்துனது யாரு?” அவள் குரல் உயரவில்லை. “ஒங்களுக்கு வாய் இருக்கு. அத வீட்டுல வச்சுட்டு எம் புருசனுக்கு ஒரு சுவரக் குடுத்தீங்க. உரிம இல்லேன்னா நாளைக்கு எங்களக் கப்பல்ல ஏத்துனாலும் கேக்க நாதி இல்ல. எம் புள்ளைங்க எந்த ஊருன்னு சொல்லும்?”

மாமா முழக்கோலை எடுத்தார், வைத்தார். “அவசரப்படாத. யோசிப்போம். வேற யாராவது மாஸ்டர், கீஸ்டர்…”

கடைக்கும் வீட்டுக்கும் நடுவே ஒரு திரை உண்டு. அதற்குப் பின்னாலிருந்து மாமி உம்மு குல்சுமின் குரல் வந்தது.

“லாபிர், ஒங்கட மாமாட்டக் கேளுங்க. அந்தப் பொடியனுக்கு ரெண்டு வருஷமும் சோறு போட்டது ஆரு?”

மாமா திரையைப் பார்த்தார். “நீ உள்ளுக்கு இரு.”

“உள்ளுக்குத்தான் ஈக்கிறேன். உள்ளுக்கு இருந்துதான் போட்டேன். அவன்ட பொருவம் கிழிஞ்சு ரத்தம் ஒழுகக்குள்ள நாந்தான் மஞ்சள் வெச்சுக் கட்டினேன். அவன் இங்க இல்லண்டு சொன்னா நான் ஆருக்கு ஆக்கினேன்? சும்மா கதவுக்கா நீட்டினேன்?”

“கம்பளி ஆர்டர் போனா என்னா திம்பீங்க?”

“அல்லாஹ் தந்தா திம்போம். ஒங்களுக்குப் போக ஏலாட்டி, எனக்கு ஒரு குடையத் தாங்க. நான் கோச்சில போய்ச் சொல்லிட்டு வாறேன்.”

கடையில் மூன்று வாடிக்கையாளர்கள் இருந்தார்கள். மூன்று பேரும் துணியைப் பார்ப்பதுபோல் நடித்தார்கள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து மாமி தனியாகக் கடைவீதியைக்கூடக் கடந்ததில்லை. விலையைக் கடைசி மட்டும் இறக்கிய பிறகும் வாசல்படிவரை போய்த் திரும்பிப் பார்க்காத வாடிக்கையாளரைப் பார்த்து மாமா விழிப்பாரே, அப்படி விழித்தார்.

“நாளைக்கு மொத கோச்சி,” என்றார் கடைசியில், யாரையும் பார்க்காமல்.

சண்முகவடிவு கூடையைத் தூக்கிக்கொண்டாள். போகும்போது திரையின் பக்கம் திரும்பி, “வர்றேங்க அம்மா,” என்றாள்.

டவுனில் ஒரு பழைய கட்டடத்தின் மேல்மாடியில் விசாரணை. கண்ணாடி போட்ட அதிகாரி, பக்கத்தில் அவருக்குத் தமிழைச் சொல்ல ஒருவர், மூலையில் எங்கள் தோட்டத்துப் பெரிய கிளாக்கர், மடியில் செக்ரோல். மாமா தொப்பியைச் சரிசெய்துகொண்டு நின்றார். வீரய்யா சுவரோரமாக நின்றார். அந்தச் சுவரில் சாய்வதற்குக்கூட அவர் பயந்தார்.

மாமாவின் திட்டத்தை அவர் முகத்திலேயே நான் படித்துவிட்டேன். ஆள் உயிரோடிருக்கிறான் என்பதை மட்டும் கொடுப்பது. அதற்குச் செலவு ஒன்றுமில்லை. மற்றதைக் கேட்டால் பார்த்துக்கொள்வது.

“இவரைத் தெரியுமா?”

“தெரியும் சேர். இவன்தான் வீரய்யா. உயிரோடதான் ஈக்கிறான்.”

“உயிரோடிருப்பது எனக்கும் தெரிகிறது. வீரய்யாதான் என்பது உமக்கு எப்படித் தெரியும்?”

“பொருவத்துல தழும்பு ஈக்குது. பெட்டித் தகரம் கிழிச்சது.”

“அதை நீர் பார்த்தீரா?”

“பாத்தேன். என்ட வீட்டுலதான் மருந்து கட்டினது.”

“உமது வீட்டில் ஏன்?”

மாமா தொப்பியை மறுபடி சரிசெய்தார். “கிட்ட இருந்தான். கடைக்குப் பின்னால.”

“எப்போது?”

அதிகாரி வியாபாரி இல்லை. ஆனால் எங்கள் கடைவீதியில் கடை போட்டிருந்தால் பிழைத்திருப்பார். ஒவ்வொரு படியாக மாமாவை ஏற்றிக்கொண்டே போனார். பெரிய கிளாக்கர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“சண்டை தொடங்கின நேரம். தோட்டத்துல வேல நிப்பாட்டி, இவனுக்குப் பத்துச்சீட்டுக் குடுத்தாங்களே, அதுக்குப் பொறகு.”

“எவ்வளவு காலம் இருந்தார்?”

மாமா கிளாக்கரைப் பார்த்தார். “ஒரு… சில மாசம் இருந்தீப்பான், சேர்.”

வீரய்யா தலையை நிமிர்த்தினார். மாமாவை ஒரு தடவை பார்த்துவிட்டு மறுபடி தரையைப் பார்த்தார். ஏதாவது சொல்லியிருந்தால் மாமா பதிலுக்கு ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பார். பேரம் பேச மறுக்கிறவனிடம் எங்கள் மாமாவுக்குத் தொழில் தெரியாது.

“சேர்,” என்றார் மாமா. “நான் சொன்னது பிழை. வெட்டிடுங்க. ரெண்டு வருஷமும் இருந்தான். முழுசா.”

“இடையில் இந்தியாவுக்குப் போய்வந்திருக்கலாமே?”

“எப்படி சேர்? நோன்பு மாசம் எங்கட வீட்டுல கஞ்சி காச்சி வாசல்ல வார எல்லாருக்கும் குடுப்போம். ரெண்டு நோன்புக்கும் அந்தப் பானைய எறக்கினது இவன். என்ட பொஞ்சாதி மொதக் கோப்ப இவனுக்குத்தான் ஊத்துவா. இவன் கடல் தாண்டியிருந்தா அந்தப் பானைய நான் எறக்கியிருக்கணும். எனக்கு அப்பவே இடுப்புப் புடிப்பு.”

தமிழைச் சொல்ல உட்கார்ந்திருந்தவர் இடுப்புப் பிடிப்பை எப்படிச் சொன்னாரோ, அதிகாரியின் உதடு லேசாக அசைந்தது. எழுதினார். போதும் என்பதுபோல் பேனாவை வைத்தார்.

மாமா நகரவில்லை.

“இன்னொண்டும் ஈக்குது, சேர். இவனுகளுக்கு எடம் குடுக்க வேணாம்டு அப்ப இருந்த துரை சொல்லியனுப்பினாரு. சரிண்டு சொன்னேன். சொல்லிட்டு எடம் குடுத்தேன். அதையும் எழுதிக்கோங்க.”

அதை யாரும் கேட்கவில்லை. கேட்காத சாமானை என் மாமா சும்மா கொடுத்து நான் பார்த்தது அன்று ஒரு நாள்தான். பெரிய கிளாக்கர் செக்ரோலை மூடினார். மூடிய சத்தம் தேவைக்கு அதிகமாகக் கேட்டது.

அதிகாரி கட்டைப் புரட்டினார். “மற்றவை முன்பே திருப்தியாக இருக்கின்றன. அந்த இரண்டு வருஷத்தைப் பற்றி எனக்கு இனி ஐயமில்லை. பெயர் பதிவுக்குப் போகும்.”

கீழே இறங்கி வந்ததும் மாமா படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார். முகம் வியர்த்திருந்தது, அந்தக் குளிரிலும்.

“மாமா, கம்பளி?” என்றேன்.

“போவும்.” துவாலையால் கழுத்தைத் துடைத்தார். “கம்பளி ஆர்டர்தானே போவும்? குளிரு போவாதே. ஆராவது வாங்குவான்.”

நல்ல வியாபாரியின் பேச்சு. ஆனால் குரல் லாபத்தில் விற்றவன் குரலாக இல்லை. ஆர்டர் உண்மையிலேயே போயிற்று, அந்த மழைக்கே. தோட்டம் வேறு டவுன் கடையில் வாங்கிக்கொண்டது. நாங்கள் சில வருஷம் இடுப்பை இறுக்கிக் கட்டினோம். மாமி ஒரு நாளும் அதைப் பற்றிப் பேசவில்லை. மாமா பேசத் தொடங்கினால் மட்டும் திரைக்குப் பின்னால் லேசாகச் செருமுவாள்.

அன்று எதிர்ப்பக்கத்துச் சாய்ப்பின் கீழே சண்முகவடிவும் மீனம்மாவும் தூறலுக்கு ஒதுங்கி நின்றார்கள். வீரய்யா தெருவைக் கடந்து போனார். பாதித் தூரத்தில் தலைத்துண்டை அவிழ்த்தார், ஏன் அவிழ்த்தோம் என்று தெரியாமல் மறுபடி கட்டினார்.

“என்னாங்க சொன்னாங்க?” என்றாள் சண்முகவடிவு.

அவர் ஒரு பஸ் போகும்வரை நின்றார்.

“நான் இங்கதான் இருந்தேனாம்டி,” என்றார்.

மீனம்மா வாய் திறக்குமுன் சண்முகவடிவு அவர் கையைப் பிடித்துச் சாய்ப்புக்குள் இழுத்தாள்.

“மொதல்ல நனையாம உள்ள வாங்க,” என்றாள்.